முந்நூற்று மூன்று கால்கள்

துறைமுகத்தில் டாலி கிளார்க்கு என்றால் எண்ணுகிறவன் என்று அர்த்தம். கப்பலிலிருந்து கிரேன் தூக்கி இறக்கும் மூட்டைகளை ஒருவன் கப்பல் ஏஜெண்டுக்காக மேல்தட்டில் நின்று எண்ணுவான். இன்னொருவன் துறைமுகத்துக்காகக் கீழே கரையில் நின்று எண்ணுவான். ஒருவன் எண்ணுவது மற்றவன் காதில் விழக்கூடாது. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. ஷிப்டு முடிந்ததும் இரண்டு காகிதங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து, ஒத்துப்போகாவிட்டால் சண்டை. சண்டை முற்றினால் எல்லாவற்றையும் கிடங்கில் வைத்து மூன்றாவது தடவை எண்ணுவார்கள். அந்தக் கணக்குதான் கடைசி.

நான் கரைக்காரன். கப்பல் பக்கம் எண்ணியவன் வண்ணாரப்பேட்டைக்காரன். துறைமுகத்தில் எல்லோரும் அவனைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். இரண்டு பேருக்கும் முப்பது வயது ஆகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் எதற்கும் குரலை உயர்த்த மாட்டான், அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும். எங்கள் இரண்டு பேர் காகிதமும் முதல் தடவையிலேயே ஒத்துப்போன நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

ஒரு மத்தியானம் கிரேன் பழுதாகி வேலை நின்றுவிட்டது. கிரேனின் நீண்ட கையில் ஆலாப் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எத்தனை என்று சொல் பார்ப்போம் என்றான் பாய். நான் முப்பத்தொன்று என்றேன். அவன் இருபத்தொன்பது என்றான். இதற்கும் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு கூலியாள் கையைத் தட்டியதும் அவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. முப்பது. இரண்டு பேரும் தோற்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? அன்றைக்குப் பிடித்த பட்சிப் பைத்தியம் பிறகு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எண்ணூர் கழிமுகம், இல்லையென்றால் அத்திப்பட்டு உப்பளம். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன். திரும்பும்போது மீனும் வாங்கி வர வேண்டியிருக்கும்.

மூர் மார்க்கெட்டில் பட்டாளத்திலிருந்து கழித்துக்கட்டிய தூரக்கண்ணாடி ஒன்றைப் பார்த்தோம். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். ஒரு கண்ணாடி, இரண்டு ஆள் என்றால் தகராறு வராமல் இருக்குமா? அதற்கும் துறைமுக வழக்கமே கைகொடுத்தது. பத்து நிமிஷம் ஒருவன் டூட்டி, பத்து நிமிஷம் மற்றவன் டூட்டி. பாயின் சட்டைப்பையில் இருந்த கடிகாரம்தான் நீதிபதி. டூட்டி முடிந்தால் கொக்கு மீனைக் கவ்வுகிற சமயமாக இருந்தாலும் கண்ணாடி கைமாறிவிட வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் புரட்டாசியில் பாயை அவனுடைய கம்பெனி விசாகப்பட்டினத்துக்கு மாற்றியது. எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துக்கத்துக்கு முந்தி மனதில் வந்த கேள்வி, கண்ணாடி யாருக்கு என்பதுதான். அவன் மனதிலும் அதுவே ஓடியிருக்க வேண்டும். மற்றவன் பாதிக்குப் பணம் கொடுத்து முழுசாக வாங்கிக்கொள்ள இரண்டு பேருமே தயார், விற்கத்தான் யாரும் தயாராக இல்லை. கடைசியில் பாய்தான் வழி சொன்னான். ஆயுத பூஜை, விஜயதசமி, சனிக்கிழமை ஒரு லீவு, ஞாயிறு என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. எண்ணூரில் ஆரம்பித்து பழவேற்காடு வரை போவோம். பெரிய கூட்டமாகப் பார்த்து மூன்று இடங்களில் எண்ணுவோம். உட்கார்ந்திருக்கும்போது தனித்தனியாக எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வது. அவை பறக்கும்போது எண்ணுவது கிடங்குக் கணக்கு, அதுவே கடைசி. அதற்குக் கிட்டத்தில் யார் எண்ணிக்கை வருகிறதோ அவனுக்கு ஒரு வெற்றி. மூன்றில் இரண்டு ஜெயித்தவனுக்குக் கண்ணாடி. கையைக் குலுக்கினோம். எனக்கு அன்றைக்கே தூக்கம் போய்விட்டது.

ஆயுத பூஜை அன்று விடிகாலை பாய் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அம்மா என் பேனா, தம்பியின் சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை எடுக்கக்கூடாது. நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன், அம்மா அசையவில்லை. வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மாமு, கண்ணாடிக்குமா லீவு?" என்றான் பாய்.

வெறுங்கண்ணோடு எண்ணூருக்கு ரயில் ஏறினோம். முகத்துவாரத்து மணல்திட்டில் கடற்காகங்களும் ஆலாக்களும் கலந்து அடைசலாக உட்கார்ந்திருந்தன. வடக்கிலிருந்து புதிதாக வந்து இறங்கியவை. ஒரு மணி நேரம் எண்ணினோம். வலைக்காரர்கள் படகைத் தள்ளிக்கொண்டு வந்ததும் திட்டு முழுவதும் எழுந்து பறந்தது. பறக்கும்போது எண்ணியது என் எண்ணிக்கைக்குக் கிட்டத்தில் வந்தது. முதல் வெற்றி எனக்கு. ஸ்டேஷன் வரை நான் பேசிக்கொண்டே வந்தேனாம், பாய் பிறகு சொல்லிக்காட்டினான்.

மறுநாள் விஜயதசமி. கண்ணாடிக்கு விடுதலை. அத்திப்பட்டில் இறங்கி வள்ளூர் பக்கம் உப்பளங்களின் வரப்புமேல் நடந்தோம். வரப்பின் இரண்டு பக்கமும் வானம் தண்ணீருக்குள் கிடந்தது. நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தன. பாயின் டூட்டி முடிந்து அவன் கண்ணாடியை இறக்கியபோது நான் சிரித்த சிரிப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு கண்களைச் சுற்றியும் குங்குமம் வட்டமாக ஒட்டியிருந்தது. அவன் நிதானமாகத் துடைத்துக்கொண்டான். சிரித்ததற்குத் தண்டனை உடனே கிடைத்தது. எண்ணிக்கையில் என்னை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டான். இப்போது ஆளுக்கு ஒன்று.

அங்கிருந்து சரக்குப் படகுகள் போகும் கால்வாய்க்கு நடந்தோம். பட்டணத்தில் கிளிஞ்சலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் படகு ஒன்று பழவேற்காட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். இரண்டு ஆட்கள் கரையில் கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்க, நாங்கள் துரைகள் போலப் படகில் உட்கார்ந்து போனோம். மீன்கொத்தி, நீர்க்காகம், அரிவாள் மூக்கன். எதைப் பார்த்தாலும் நான் பாயின் தொடையில் அடித்தேன். கயிறு இழுத்தவர் ஒருவர், இவருக்கு இன்னா, முதல் தபாவா ஊரை வுட்டு வர்றாரா என்று பாயைக் கேட்டார். ஆமாம், இவருக்கு எல்லாமே முதல் தபாதான் என்றான் பாய்.

பழவேற்காட்டில் அவன் அக்கா வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை முழுவதும் மழை கொட்டியது. அக்கா இறால் குழம்பும் சோறும் போட்டு, தின்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்த எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கறிக்கு ஆகாத பட்சியைப் பார்க்க லீவு போட்டவர்களை அவர் அதற்கு முன் கண்டதில்லை. நான் கூண்டுப்புலி போல வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மிச்சம் இருந்தது ஒரே நாள். புதன்கிழமை பாய்க்கு விசாகப்பட்டினம் போகும் வால்டேர் ரயில். மழை விடாவிட்டால் கண்ணாடிக்குச் சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான் என்று அவன் சொன்னபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்தபோது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஏரிக்கரையோடு வடக்கே நடந்தோம். முட்டளவு சேறு. தாழைப் புதர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்ததும் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தான்.

எதிரே ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன. கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை. இரண்டு மூன்று வருஷமாக எங்கே போனாலும் யாராவது ஒருவர், பூநாரையா, போன வாரம் இருந்ததே என்பார்கள். இப்போது இதோ, நிஜமாகவே, ஒரு கூட்டம். வெளுப்பும் இளஞ்சிவப்புமாக நீளமாக நின்றது. சந்தோஷத்தில் அழுகை வரும் என்று அதுவரை நான் நம்பியதில்லை.

பாயின் டூட்டி முதலில் வந்தது. அவன் எண்ணி நோட்டில் எழுதிவிட்டுக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தான். நான் பார்த்தேன். உடம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மூட்டமாகத் தெரிந்தன, எண்ண வரவில்லை. ஆனால் கால்கள்! தண்ணீருக்கு மேலே மெல்லிசாக, நேராக, கோடு கோடாக நின்றன. எத்தனை வருஷமாகக் கோடு போட்டுப் போட்டு எண்ணுகிறேன்! காலை எண்ணிப் பாதியாக்கினால் பட்சி எண்ணிக்கை வந்துவிடாதா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் முந்நூற்று மூன்று.

பாதியாக்கப் போனபோதுதான் அரை ஒன்று மிஞ்சியது. பாய் என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"நூத்தி அம்பத்தொண்ணு சரி மாமு. அந்த அரை பட்சி எங்க கீது?"

கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். பாவி பட்சிகள், தூங்குகிறவை எல்லாம் ஒற்றைக் காலில் நின்றன. மற்றக் கால் வயிற்றுக்குள்! எத்தனை தூங்குகின்றன, எத்தனை விழித்திருக்கின்றன என்று யார் கண்டது? பாய் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் அவன் நோட்டைப் பிடுங்கினேன். நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. எதை எண்ணினாய் என்று கேட்டேன். தலையை என்றான். இப்போது சிரிப்பது என் முறை. மேல்தட்டில் நின்று மூட்டையின் தலையைப் பார்த்தே பழகியவன் வேறெதை எண்ணுவான்? மேய்கிறவற்றின் தலை சேற்றுக்குள் இருக்கிறது, தூங்குகிறவற்றின் தலை இறக்கைக்குள் இருக்கிறது என்று காட்டினேன். அவன் முகம் மாறியது. நோட்டில் எழுதியதை மாற்றுவதில்லை என்பது எங்கள் விதி. எனக்கு நூற்று ஐம்பத்தொன்று, அவனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. போனால் போகிறது, அரையை நீயே வைத்துக்கொள் என்றான். இனிக் கிடங்குக் கணக்குதான் பாக்கி. பறக்க வேண்டும்.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. கண்ணாடி கை மாறிக்கொண்டே இருந்தது. மறுபடி என் டூட்டி வந்தபோது ஒரு பூநாரை கழுத்தைத் தலைகீழாக வளைத்து, மூக்கைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மூக்கா என்று இருந்தது. பாய் கடிகாரத்தைப் பார்த்து, டூட்டி முடிஞ்சிது என்றான். ஒரு நிமிஷம் என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் மேலே பருந்து ஒன்று வந்தது.

கூட்டம் அத்தனையும் ஒரே சமயத்தில் கழுத்தைத் தூக்கியது. தண்ணீர்மேல் ஓட ஆரம்பித்தது. பாய் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தெரியும். அது அவன் டூட்டி. அவன் நீட்டிய கை என் முழங்கைமேல் பட்டது. அதுவும் தெரியும். நான் கண்ணை எடுக்கவில்லை. அவை இறக்கையை விரித்தன. உள்ளே மடித்து வைத்திருந்த ரத்தச் சிவப்பு முழுவதும் வெளியே வந்தது. ஓரமெல்லாம் கறுப்பு. நின்றபோது வெளுப்பாக இருந்தவை பறக்கும்போது வேறு பட்சிகளாகிவிட்டன. கண்ணாடி முழுக்கச் சிவப்பும் கறுப்பும். நான் எதையோ கத்தினேன்.

பாய் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. எழுந்து நின்று, நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக உரக்க எண்ண ஆரம்பித்தான். நாளைக்கு நான் தகராறு செய்யக்கூடாது என்றுதான் உரக்க எண்ணியிருப்பான். அவை திரும்பி வரிசையாகக் கடல் பக்கம் போயின. அவன் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது, எண்கள் விழவில்லை. நான் எண்ணவே இல்லை. கடைசிப் பறவை மணல்மேட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கினேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நூத்தி எழுபத்திமூணு," என்றான். "உனக்கு கிட்டக்க வர்து. கண்ணாடி உன்துதான்."

வேறு யாரும் எண்ணவில்லை. நூற்று இருபது என்று சொல்லியிருந்தால் கண்ணாடி அவனுடையது. நான் எண்ணவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உன் டூட்டியை நான் தின்றுவிட்டேன், நான் ஒன்றுகூட எண்ணவில்லை, இந்தப் பந்தயம் செல்லாது என்று உளறினேன். எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்று சொல்லிவிட்டு அவன் சேற்றில் செருப்பைத் தேடினான். வெறுங்கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டேன். கறுப்புக் கோடுகள் என்றான். வெயில் எதிரே இருந்ததாம்.

கண்ணாடியை அவனிடமே கொடுத்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. பொன்னேரி பஸ்ஸில் ஒரு தடவை அவன் மடியில் வைத்தேன். அவன் திருப்பி என் மடியில் வைத்தான். இரண்டாம் தடவை நான் வைக்கவில்லை. அவ்வளவு ஆசை எனக்கு அதன்மேல். வெட்கமும் அவ்வளவு இருந்தது. இரண்டுக்கும் நடுவே, பார்த்துவிட்டேன் பார்த்துவிட்டேன் என்று மனது குதித்துக்கொண்டே இருந்தது. அதை அடக்க முடியவில்லை.

புதன்கிழமை சென்ட்ரலில் ரயில் நகரப்போகும்போது பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"எண்ணிக்கை என்கிட்ட கீது. நீ பாத்தத எழுதி அனுப்பு."

அலுவலகத்துக்கு லீவு கடிதம் தவிர நான் எதுவும் எழுதியவன் இல்லை. துறைமுகக் காகிதங்களின் பின்பக்கத்தில் சாப்பாட்டு வேளைகளில் எழுதினேன். முதலில் எழுதியது, பூநாரைகள் பறந்தன, மிக அழகாக இருந்தன என்பது. படித்தபோது எனக்கே கோபம் வந்தது. இதைப் படித்து அவனுக்கு என்ன தெரியும்? கிழித்தேன். அவற்றின் ஓட்டம் எப்படி இருந்தது, தண்ணீர் எங்கே தெறித்தது, சிவப்பு எந்த இடத்தில் ஆரம்பித்து எங்கே கறுப்பில் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்கள் காதல் கடிதமா என்று கேட்டார்கள். மூன்று வாரம் ஆனது. கட்டுக் காகிதம், தடித்த கவர், தபாலில் போட்டுவிட்டு அவன் பதிலுக்காக நான் தவித்த தவிப்பு அந்தக் கண்ணாடிக்காகக்கூடத் தவித்ததில்லை.

ஒரு கார்டு வந்தது. அவன் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான்.

"மாமு, பறக்கறப்போ காலு மடிச்சிக்கினு போச்சுன்னு எழுதிக்கீற. தப்பு. நீட்டிக்கினு போச்சு, அது எனக்கே தெரிஞ்சுது. மத்தது எல்லாம் பாத்துட்டேன்."